வெள்வேல் விதையை அவசரப்படுத்தலாமா?

காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப் புல்லுக்கு மேலே நிழல் விரிப்பது பெரும்பாலும் வெள்வேல்தான். அதன் நெற்றைப் பொறுக்கி விதைத்துப் பார்க்கிறவர்கள், முளைப்பு குறைந்தால் விதை சொத்தை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வண்டு துளைத்தவற்றைக் கழித்துவிட்டால், மிச்சத்தில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. மேல்தோலில் நெருக்கமாக அடுக்கிய செல்கள் தண்ணீரை உள்ளே விடுவதில்லை என்பதால், தோலில் எங்காவது வழி திறக்கும்வரை விதை ஈர மண்ணிலும் காய்ந்தே கிடக்கும். கோடை மழை ஏமாற்றுவதும் ஐப்பசி மழை பிந்துவதும் வழக்கமான மண் இது. முதல் மழைக்கே எல்லாம் முளைத்து அடுத்த மழை தவறினால், அந்த ஆண்டு உதிர்ந்த விதை அத்தனையும் வீண். சில இந்த ஆண்டிலும் சில பிந்திய ஆண்டுகளிலும் முளைப்பதே மரத்துக்கு லாபம்.

நாற்றங்காலுக்கோ அது நட்டம். ஒரே சமயத்தில் முளைத்தால்தான் நாற்றுகள் ஒரே வயதில் நடவுக்குத் தயாராகும். அதனால் கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதையைப் போட்டு, ஒரு நாள் ஊறவிடுகிறார்கள். உப்பிய விதை தண்ணீர் குடித்துவிட்டது என்று அர்த்தம். நெற்று தின்னும் ஆடும் இதே வேலையைச் செய்கிறது. பல விதைகள் பல்லில் நொறுங்கினாலும், அசைபோடும்போது துப்பியதும் புழுக்கையோடு விழுந்ததும் தோல் இளகியிருக்கும். ஆட்டுப்பட்டியில் கருவேல விதை சேகரிப்பது பழைய வழக்கம். (ஆடு பாரபட்சம் பார்ப்பதில்லை. சீமைக்கருவேல் பரவியதிலும் அதற்குப் பங்குண்டு.)

அப்படியானால் எல்லா விதைக்கும் வெந்நீர் ஊற்றிவிடலாமே என்று கேட்கலாம். வேப்ப விதை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழப்பது. பழம் உதிர்ந்த கையோடு விதைக்க வேண்டிய அதைக் கொதிநீர் கொன்றுவிடும். சந்தன விதையை ஜிப்ரலிக் அமிலத்தில் ஊறவைத்து முளைக்கவைத்தாலும், இன்னொரு செடியின் வேரைப் பற்றாமல் நாற்று தேறாது. நாற்றுப் பையிலேயே துணைக்குத் துவரை வளர்ப்பது அதனால்தான். கோவையில் 1988-இல் அமைந்த வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தைப் போன்றவை இனம் இனமாக ஆராய வேண்டியிருப்பதும் இதனால்தான். விதையே வேண்டாமென்று கிளுவையைப் போலப் போத்து வெட்டி நடுவது வேலிக்குச் சரி. ஆனால் போத்து தாய்மரத்தின் நகல். மேய்ச்சல் காட்டின் மரங்கள் எல்லாம் சில மரங்களின் நகலாகிவிட்டால், ஒரே நோய் அத்தனையையும் பிடித்துக்கொள்ளும்.

பல இன விதைகளையும் ஒரே களிமண்ணில் உருட்டி வீசும் விதைப்பந்து இயக்கங்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. களிமண் எறும்பிடமிருந்து காக்கலாம், வெள்வேல் தோலை அது இளக்காது. வெள்வேலுக்குக் காத்திருந்தால் பந்துக்குள் வேம்பு செத்துவிடும். எல்லா வெள்வேல் விதையையும் வெந்நீரில் நேர்த்தி செய்து வீசுவதும் தீர்வல்ல, முதல் ஏமாற்று மழையிலேயே அத்தனையும் முளைத்துக் கருகலாம். பைக்குப் போகும் விதையை முழுக்க நேர்த்தி செய்யலாம். கொரங்காட்டில் நேரடியாக விதைப்பவர்கள் ஒரு பங்கை அப்படியே விடுவது நல்லது. எத்தனை பிழைத்தன என்ற கணக்கை முதல் ஆண்டோடு முடிக்காமல், அடுத்தடுத்த மூன்று நான்கு ஐப்பசிகளுக்குப் பின்னும் எடுக்க வேண்டியிருக்கும்.