பூப் போட்ட டயர் நம் மழைக்கு ஆகுமா?

கிள்ளானில் பழைய டயர் விற்கும் கடை ஒன்றில் போன மாதம் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஓர் இளைஞர். இ-ஹெய்லிங் கார் ஓட்டுகிறவர். பிரிக்பீல்ட்ஸில் ஆளை ஏற்றி விமான நிலையத்தில் இறக்குவதும், அங்கிருந்து வேறு ஆளை ஏற்றி வருவதும்தான் அன்றாடப் பிழைப்பு என்றார். அவருடைய காரின் முன் டயர்கள் இரண்டும் வழுக்கையாகியிருந்தன. தவுக்கே எடுத்துக் காட்டிய டயரைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, இதப் பாருங்க. மூனு மலை, நடுவுல ஒரு பூ. ஜப்பான் சாமானாம். பனியிலயே வழுக்காதுன்னா நம்ம மழை என்ன பண்ணிடும்?"

ஒன்று 80 ரிங்கிட். பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. விரலால் அழுத்தினால் ரப்பர் மெத்தென்று உள்வாங்கியது. கேள்வியும் நியாயமாகத்தான் தோன்றியது. ஆனால், அந்தப் பூ பனித்துளியின் படிகம். அது குளிர்கால டயருக்கான சின்னம். பனியில் அந்த டயரைக் காப்பாற்றும் அதே குணம், நம் சாலையில் அதற்கு எதிரியாகிவிடும். ஏன் என்று பார்க்க, ரப்பருக்குக் குளிர்ந்தால் என்ன ஆகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1986 ஜனவரி 28ஆம் தேதி சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட சிறிது நேரத்தில் சிதறி ஏழு பேர் மாண்டனர். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையத்தின் ஒரு துண்டைப் பிடியில் இறுக்கி, ஐஸ் தண்ணீர்க் குவளையில் போட்டார். வெளியே எடுத்துப் பிடியைத் தளர்த்தியபோது துண்டு உடனே பழைய வடிவுக்கு வரவில்லை. புறப்பட்ட நாளின் காலைக் குளிரில் வளையமும் அப்படித்தான் மந்தமாகியிருந்தது.

ரப்பர் என்பது நீண்ட நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் சிக்கல். சூடாக இருக்கும்போது அந்தச் சங்கிலிகள் ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். குளிரக் குளிர நெளிவு மந்தமாகும். ஒரு கட்டத்தில் சங்கிலிகள் அப்படியே உறைந்து நிற்க, ரப்பர் கண்ணாடி போல் உடையும் பொருளாகிவிடும். இதைக் கண்ணாடி நிலை மாற்றம் என்பார்கள். மரத்திலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பருக்கு இது நடப்பது ஏறக்குறைய உறைநிலைக்குக் கீழே 70 டிகிரியில். கார் டயர்களில் அதிகம் சேரும் செயற்கை ரப்பருக்கு அதைவிட மேலேயே நடந்துவிடும். எவ்வளவு மேலே என்பது கலவையைப் பொறுத்தது.

அப்படியென்றால் உறைநிலை வரை எந்த டயரும் தாங்க வேண்டுமே? இங்கேதான் ஒரு நுட்பம். ரப்பருக்கு வேகமும் குளிரும் ஒன்றுதான். குளத்தில் மெல்ல இறங்கினால் தண்ணீர் வழிவிடும்; உயரத்திலிருந்து வயிறு அடிபட விழுந்தால் அதே தண்ணீர் பலகை மாதிரி அறையும். மணிக்கு 90 கிலோமீட்டரில் ஓடும் டயரின் ஒரு கட்டை, சாலையைத் தொட்டு விலகும் நேரம் ஒரு நொடியின் இருநூறில் ஒரு பங்குதான். அதற்குள் தாரின் சின்னஞ்சிறு கற்கள் அதைக் குத்திக் குத்தி எடுக்கின்றன. அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து நெளிய முடியாத சங்கிலிகள், உண்மையில் இருப்பதைவிட அதிகம் குளிர்ந்துவிட்டதைப் போல நடந்துகொள்ளும். ஆகவே சாதாரண டயரின் மேல்தோல் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனதுமே விறைத்துப் பிடிப்பை இழக்கத் தொடங்குகிறது. இந்த 7 டிகிரி துல்லியமான எல்லைக்கோடு அல்ல. டயர் தயாரிப்பாளர்கள் சொல்லிவரும் கைக்கணக்கு.

நம் நாட்டுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்துகிறது தெரியுமா? மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் பதிவில் நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி. 1978 பிப்ரவரி 1ஆம் தேதி கேமரன் மலையில். அதாவது, பதிவான மிகக் குளிரான இரவில் கூட நாம் அந்தக் கோட்டைத் தொடவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் விடியற்காலையே 23, 24 டிகிரி. மதிய வெயிலில் தார்ச்சாலை காற்றைவிடப் பல மடங்கு சுடும். செருப்பில்லாமல் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குளிர்கால டயரின் கலவை, உறைபனியிலும் நெளியும்படி செய்யப்பட்டது. அதை இந்தச் சூட்டில் ஓட்டினால் என்ன நடக்கும்? பிடிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் புரிந்துவிடும். ரப்பர் பந்தைத் தரையில் போடுங்கள். நன்றாக எம்பும் பந்து, வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தருகிறது. 'தொப்' என்று விழுந்து கிடக்கும் பந்து, ஆற்றலை விழுங்கி வெப்பமாக்கிவிடுகிறது. ஈரச் சாலையில் நமக்கு வேண்டியது இரண்டாவது வகை. நனைந்த கல்லில் ரப்பர் ஒட்டிக்கொள்ள முடியாது. கல் குத்தும்போது உள்வாங்கி, திரும்ப எழும்பத் தயங்கி, அந்தத் தயக்கத்தில் காரின் ஓட்டத்தைத் தின்றால்தான் கார் நிற்கும். 5 டிகிரியில் சரியான அளவு தயங்கும்படி செய்த ரப்பர், 35 டிகிரியில் தயங்குவதில்லை. எம்பும் பந்தாகிவிடுகிறது. "மெத்துன்னு இருக்கு, நல்லாப் புடிக்கும்" என்ற கடைப் பேச்சு தவறுவது இந்த இடத்தில்தான்.

இதோடு இன்னொன்று. குளிர்கால டயரின் கட்டைகளில் பிளேடால் கீறியது போல் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருக்கும். பனியைக் கவ்வவும், ஐஸ் மேல் இருக்கும் ஈரத்தை உறிஞ்சவும் அவை உதவுகின்றன. சூடான தாரில், மிருதுவான ரப்பரில், அதே கீறல்கள் கட்டையைத் தளரவைத்து அசைய விடும். பிரேக் அழுத்தினால் கட்டை வளைந்து கொடுக்கும், கார் நிற்க அதிக தூரம் பிடிக்கும். வளைவில் ஸ்டீரிங் சொன்னதைக் கேட்கச் சற்றே தாமதமாகும். தேய்மானமும் வேகமாக இருக்கும். 80 ரிங்கிட் மலிவு என்பது அந்தக் கணக்கிலும் நிற்காது.

இந்த அறிவியலில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. வேகமும் வெப்பநிலையும் ரப்பரின் பிடிப்பில் ஒரே வளைகோட்டில் அடங்கும் என்பதை அளந்து காட்டியவர் கார்ல் குரோஷ். கட்டுரை வெளிவந்த ஆண்டு 1963. அவர் வேலை செய்தது இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் இருந்த ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுக்கூடத்தில். 1938இல் தொடங்கிய அந்தக் கூடத்துக்குப் பணம், மலாயாவிலிருந்து ஏற்றுமதியான ரப்பர் மீது வசூலித்த தீர்வையிலிருந்து போனது. விடியுமுன் உளியும் வாளியுமாக நிரை பிடித்து, மங்கு மங்காகப் பால் சேர்த்தவர்களின் உழைப்பில் ஒரு துளி அதில் இருக்கிறது. அந்தக் கூடத்தின் இன்றைய வாரிசு, பிரிக்கண்டன்பரியில் இருக்கும் துன் அப்துல் ரசாக் ஆய்வு மையம். மலேசிய ரப்பர் வாரியத்துக்குச் சொந்தமானது.

இயற்கை ரப்பர் அவ்வளவு குளிரிலும் விறைக்காது என்பதால் குளிர்கால டயருக்கு அது நல்ல சேர்மானம். எண்ணெய் கலந்த இயற்கை ரப்பரில் பனி டயர் செய்யும் ஆய்வுகள் அதே கூடத்தில் நடந்தன. பனியைக் கண்ணால் பார்த்திராத தோட்டத்து மக்கள் வெட்டிய பால், ஐரோப்பாவின் பனிச்சாலைகளில் உருண்டது. மறுபக்கம், ஈரச் சாலைக்கு அதே ரப்பர் அவ்வளவு தோதில்லை; பந்துபோல் எம்பும் குணம் அதற்கு அதிகம். இதைச் சரிசெய்யவும் மலேசிய ஆய்வாளர்கள் வழி கண்டார்கள். ரப்பர் சங்கிலியில் ஆங்காங்கே ஆக்சிஜனைக் கோத்து எபாக்சி ரப்பர் ஆக்கினால், கண்ணாடி நிலை மாற்றம் மேலே ஏறும். நூற்றுக்கு ஓரிடத்தில் கோத்தால் ஏறக்குறைய ஒரு டிகிரி. 25 இடத்தில் கோத்த ரப்பர் உறைநிலைக்குக் கீழே 45 டிகிரியை ஒட்டி விறைக்கும். சிலிகாத் தூளோடு சேரும்போது ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். எக்கோப்ரீனா என்ற பெயரில் ரப்பர் வாரியம் கொண்டுவந்திருப்பது இதைத்தான்.

சரி, பக்கவாட்டில் 'ஆல் சீசன்' என்று போட்டிருக்கும் டயர்? இந்த இடத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். 'எம் ப்ளஸ் எஸ்' என்ற எழுத்துகள் சேறும் பனியும் என்பதைக் குறிக்கும். ஆனால் அது பள்ளங்களின் அமைப்பைப் பற்றித் தயாரிப்பாளர் சொல்லிக்கொள்வது. பனியில் ஓட்டிப் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கில்லை. மூன்று முகட்டு மலைக்குள் பனிப்பூ இருந்தால்தான், இறுகிய பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறியது என்று பொருள். வட அமெரிக்காவில் 1999இல் வந்த சின்னம் அது. எழுத்து மட்டும் உள்ள டயர் பெரும்பாலும் சாதாரணக் கலவைதான். இங்கே ஓட்டுவதில் தோஷமில்லை. பூவும் சேர்ந்திருந்தால் நம் வெயிலுக்கு அது தேவையற்றது. வெளிநாட்டுக்காரர்களின் நான்கு பருவம் நமக்கு எதற்கு? நமக்கு இருப்பது இரண்டுதான்: வெயில், மழை.

அந்த மழைதான் நம் குளிர்காலம். ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் கூட்டரசு நெடுஞ்சாலையில் கொட்டும் மழையை நினைத்துக்கொள்ளுங்கள். சாலையில் மூன்று மில்லிமீட்டர் தண்ணீர், டயரின் அகலம் 20 சென்டிமீட்டர், வேகம் 90 என்றால், ஒவ்வொரு டயரும் நொடிக்கு 15 லிட்டர் தண்ணீரை வழியிலிருந்து தள்ளியாக வேண்டும். குளிக்கும் வாளி ஒன்று, ஒவ்வொரு நொடியும்! அது போக வழி, பள்ளங்கள் மட்டுமே. புது டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர். சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு 1.6. அந்த அளவில் வெயிலில் ஓட்டலாம். மழையில் தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது. டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும். ஸ்டீரிங் திடீரென்று எடையிழந்தது போல் இருக்கும். பிரேக்கும் திருப்பமும் பலிக்காது.

எந்த வேகத்தில் மிதக்கும்? விமான டயர்களை வைத்து நாசா 1960களில் கண்ட ஒரு கணக்கு உண்டு. டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அந்த வேகம் கூடும். பெட்ரோல் நிலைய மீட்டர் காட்டும் 220 கிலோபாஸ்கலில் அது மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர். காற்று 165க்கு இறங்கியிருந்தால் 82. இது வழுக்கை டயரும் தேங்கிய நீரும் சேர்ந்தபோது வரும் கணக்கு. பள்ளம் ஆழமாக இருந்தால் எல்லை இன்னும் மேலே போகும். நெடுஞ்சாலையில் அனுமதித்த 110க்குக் கீழேதான் இரண்டு எண்ணும் இருக்கின்றன என்பதைப் பார்த்தீர்களா? காற்று அடிப்பது இலவசம். அதைக்கூடச் செய்யாமல் டயரின் பிராண்டைப் பற்றி வாதாடுகிறோம்.

பிள்ளைகளைப் பார்க்க டொரொண்டோவுக்கோ, விடுமுறைக்கு ஹொக்கைடோவுக்கோ டிசம்பரில் போய் வாடகைக் கார் எடுப்பவர்களுக்குக் கதை தலைகீழ். அங்கே அந்தப் பூதான் உயிர். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டக் கட்டாயம். பக்கத்து ஒண்டாரியோவில் கட்டாயமில்லை என்பதால் போடாமலே ஓட்டுகிறவர்களும் உண்டு. ஜெர்மனியில் பனி இருந்தால் அந்தச் சின்னமுள்ள டயர் வேண்டும். 'எம் ப்ளஸ் எஸ்' எழுத்து மட்டும் போதும் என்ற சலுகை 2024 செப்டம்பரோடு முடிந்தது. ஆஸ்திரியாவில் குளிர்கால டயரின் பள்ளம் 4 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். ஜப்பானில் முன்பு ஆணி பதித்த டயர் ஓட்டினார்கள். பனி இல்லாத நாள்களில் ஆணி தாரைச் சுரண்டித் தூசியாகப் பரப்பியதால் 1990இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஆணியில்லா மிருதுவான டயர் அங்கே வீட்டுக்கு வீடு பரவியது அதன் பிறகுதான். அவற்றில் 'ஸ்டட்லெஸ்' என்ற சொல் பொறித்திருக்கும்.

எங்கே ஓட்டினாலும் நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். முன்னால் இரண்டு மட்டும் நன்றாகப் பிடித்து, பின்னால் இரண்டு வழுக்கினால், வளைவில் பிரேக் போட்டதும் காரின் வால் முன்னே வந்து நிற்கும். குளிர் நாட்டில் காற்றழுத்தத்தையும் அடிக்கடி பாருங்கள். ஒவ்வொரு 10 டிகிரி இறக்கத்துக்கும் ஏறக்குறைய 12 கிலோபாஸ்கல் குறையும். இன்னொரு சங்கதி, கடுங்குளிர் ஐஸைவிட உருகத் தொடங்கும் ஐஸ்தான் மோசமாக வழுக்கும். மேலே நீர்ப்படலம் வந்துவிடும்.

கிள்ளான் கடைக்குத் திரும்புவோம். பழைய டயர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் தேடவேண்டியது பக்கவாட்டில் 'டிஓடி' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஜப்பானில் விற்கும் டயரில் 'டிஓடி' இல்லாவிட்டாலும் அந்த நான்கு எண் இருக்கும். இளைஞர் கைபேசி விளக்கை அடித்துத் தேடினார். 4715. அதாவது 2015ஆம் ஆண்டின் 47ஆம் வாரம். நவம்பர் மாதக் கடைசி. கீறல்களை விரித்துப் பார்த்தோம். அடியில் நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருந்தன.

"புதுசு எவ்வளவு தவுக்கே?" என்று கேட்டார். இரண்டுக்கு 340 ரிங்கிட். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டயும் பின்னாடி மாட்டி, பின்னாடி இருக்கறத முன்னாடி போட்டுக்கலாமா அண்ணே?" என்றார். பின் டயர்களின் பள்ளத்தை 20 காசு நாணயம் விட்டுப் பார்த்தோம். இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. போடலாம் என்றேன்.