வீட்டு வலையமைப்பில் நிகழ்பட ஆட்டக் கருவியை இணைத்தல்

கேம் கன்சோல் எனப்படும் நிகழ்பட ஆட்டக் கருவியை, வீட்டுக் கணினியும் கைபேசிகளும் பயன்படுத்தும் அதே வலையமைப்பில் சேர்க்கலாம். பிளேஸ்டேசன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ சுவிட்ச் ஆகிய கருவிகளில் இணையவழி ஆட்டத்துக்கும் மென்பொருள் புதுப்பிப்புக்கும் இவ்விணைப்பு தேவை.

இணைக்கும் முறைகள்

திசைவியின் லேன் துளையிலிருந்து ஈதர்நெட் வடம் மூலம் இணைப்பதே நிலையான முறை. 2017இல் வெளியான முதல் சுவிட்சின் தாங்கியில் லேன் துளை இல்லை. அதற்கு யூஎஸ்பி ஈதர்நெட் பொருத்தி தேவை. 2021இல் வந்த ஓஎல்இடி வகையின் தாங்கியில் அத்துளை உண்டு. வைஃபையில் 5 கிகாஹெர்ட்சு அலைவரிசை வேகமானது. ஆனால் கான்கிரீட் சுவர்களைத் தாண்டினால் வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்சு தொலைவாகச் செல்லும், வேகம் குறைவு.

நாட் வகைகள்

திசைவி ஒவ்வொரு கருவிக்கும் 192.168 எனத் தொடங்குவது போன்ற உள் முகவரியைத் தருகிறது. வெளியுலகுக்கு அனைத்தும் ஒரே முகவரியாகத் தெரியும். இம்மாற்றம் 'நாட்' எனப்படும். வெளியிலிருந்து கேளாமல் வரும் தரவைத் திசைவி தடுத்துவிடும். திசைவியில் யூபிஎன்பி இயங்கினால், கருவி தனக்கு வேண்டிய வாயிலைத் தானே திறந்துகொள்ளும்.

எக்ஸ்பாக்ஸ் இந்நிலையைத் திறந்தது, மிதமானது, கடுமையானது என்றும், பிளேஸ்டேசன் வகை 1, 2, 3 என்றும் காட்டும். ஆம்பூரில் ஒருவரும் வாணியம்பாடியில் அவர் நண்பரும் கடுமையான நாட்டில் இருந்தால், கருவிகள் நேரடியாகப் பேசும் ஆட்டங்களில் இருவரும் சேர முடியாமல் போகலாம். இணைய வேகம் அதிகமாக இருந்தாலும் இதுவே நிலை.

இணையச் சேவையாளர் தரப்பு நாட்

வேலூர், ஆம்பூர் முதலிய பாலாற்றங்கரை நகரங்களின் பயனர்களும் சந்திக்கக்கூடிய தடை இது. ஆசிய-பசிபிக் பகுதிக்கு முகவரி வழங்கும் ஏப்நிக் அமைப்பின் ஐபிவி4 இருப்பு 2011 ஏப்ரலில் கடைசித் தொகுதியை எட்டியது. முகவரிப் பற்றாக்குறையால் சேவையாளர்கள் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றனர். இதற்கென 2012இல் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையான முகவரிகள் ஒதுக்கப்பட்டன.

திசைவியின் நிலைப் பக்கத்தில் வான் முகவரி இவ்வரம்பில் இருந்தால், வீட்டில் வாயில் திறந்தும் பயனில்லை. சேவையாளரிடம் தனிப் பொது முகவரி கேட்கலாம். இதற்குக் கட்டணம் இருக்கக்கூடும். ஐபிவி6 வசதி இருந்தால் அதை இயக்கலாம். எக்ஸ்பாக்ஸ் ஒன் முதலான எக்ஸ்பாக்ஸ் கருவிகள் அதை ஏற்கும். ஃபைபர் பெட்டியும் சொந்தத் திசைவியும் தனித்தனியே நாட் செய்தால், ஒன்றைப் பாலமுறைக்கு மாற்ற வேண்டும்.

பாதுகாப்பு

டிஎம்இசட் அமைப்பு, குறிப்பிட்ட கருவிக்கு எல்லா வாயில்களையும் திறந்துவிடும். அதைக் கன்சோலுக்கு வைத்த பின், அதே உள் முகவரி கணினிக்குச் சென்றால் கணினி இணையத்துக்குத் திறந்து கிடக்கும். எனவே கன்சோலுக்கு நிலையான உள் முகவரி ஒதுக்கி, தேவையான வாயில்களை மட்டும் திறப்பது நல்லது. புதுப்பிப்பின்போது மின்சாரம் தடைபட்டால் சேமிப்பகம் பழுதாகலாம் என்பதால், பராமரிப்பு மின்தடை அறிவிக்கப்பட்ட நாள்களில் புதுப்பிப்பைத் தள்ளிவைக்கலாம்.