உங்களுக்குத் தெரியுமா? ராகத்தில் பிறந்த வேதப் பாட்டு

தமிழ்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபைகளில் பாடப்படுபவை இரண்டு வகை: மேலைநாட்டு மெட்டில் அமைந்த பாமாலை, கர்நாடக ராகத்தில் அமைந்த கீர்த்தனை. 1706-ல் தரங்கம்பாடி வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரிகளும் அவர்கள் வழிவந்தவர்களும் தங்கள் நாட்டுப் பாடல்களைப் பழைய மெட்டு மாறாமல் தமிழாக்கினர். மெட்டுக்காகச் சொல்லை நீட்டியும் குறுக்கியும் அமைத்ததால் அவற்றில் பல பாடக் கரடுமுரடானவை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். தஞ்சை மன்னர் சரபோஜியின் இளமைத் தோழர். ஊரார் ரசித்த குறவஞ்சி வடிவத்திலேயே ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். அவருடைய கீர்த்தனைகளைத் தேடித் திரட்டி, 1853-ல் நூலாக்கியவர் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்டு வெப். சபைகள்தோறும் அவை பரவியதற்கு இந்தத் தொகுப்பே பெருங்காரணம்.

கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருக்கும். சரணம் முடியும்தோறும் சபையார் பல்லவிக்குத் திரும்புவர்.

சாஸ்திரியாருக்குப் பின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ இயற்றிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையும் (1827–1900), இசை ஆராய்ச்சி நூலான ‘கருணாமிர்த சாகர’த்தை 1917-ல் வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதரும் இத்துறையில் குறிப்பிடத்தக்கவர்கள். பண்டிதர் தொழிலால் சித்த வைத்தியர்.