தாதிமை மாணவர்களே, முதல் வேலைக்கான தயாரிப்பு வார்டிலேயே தொடங்குது

தாதிமை படிச்சிக்கிட்டு இருக்கிறவங்களுக்கும், எஸ்.பி.எம். முடிச்சிட்டு அந்தப் பக்கம் போகலாமான்னு யோசிக்கிற மாணவர்களுக்கும், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் இந்தக் கட்டுரை.

மூன்றாண்டு டிப்ளோமா. பிறகு மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வு. அதில் தேறி, 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ் பதிவு செய்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய பணிச் சான்றிதழையும் பெற்றால்தான் தாதியாக வேலை செய்ய முடியும். இது எல்லாருக்கும் பொது. ஆக, நேர்காணல் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி சான்றிதழ்கள்தான் இருக்கும். அதில் உங்களை ஏன் எடுக்கணும்?

இதற்கான பதில் உங்கள் போஸ்டிங் நாள்களில் இருக்கு. மாணவர்கள் பலர் போஸ்டிங்கை 'லாக் புக்'கில் கையெழுத்து வாங்கும் வேலையாக நினைக்கிறார்கள். வார்டு சிஸ்டர் அப்படி நினைப்பதில்லை. மணி அடித்ததும் யார் எழுந்து போகிறார், யார் மூலையில் கைப்பேசியோடு நிற்கிறார் என்பதை அவர் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார். நாளைக்கு அதே மருத்துவமனையில் நீங்கள் மனு செய்யலாம்.

சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு சம்பவம் போதும்: என்ன பார்த்தேன், யாரிடம் சொன்னேன், பிறகு என்ன நடந்தது. நோயாளியின் பெயரையோ கட்டில் எண்ணையோ எழுதவே கூடாது. நேர்காணலில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்றதும், "நான் பொறுமைசாலி, அன்பானவள்" என்று பலரும் சொல்வார்கள். கேட்பவர் மனதில் அது நிற்காது. இதைப் பாருங்கள்: "இன்சுலின் போட்ட நோயாளி ஒருத்தர் காலை உணவைத் தொடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் வேர்த்து, கை நடுங்கியது. உடனே ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிட்டேன். சர்க்கரை அளவு பார்த்தோம், குறைவாக இருந்தது." நாலு வரிதான். இவருக்குக் கண்ணும் இருக்கு, தன் எல்லையும் தெரியுது என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

அடுத்தது நம் தமிழ். நேர்காணலில் தமிழ் தெரியும் என்று சொல்லக்கூடக் கூச்சப்படும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். அந்த வார்டுகளில் படுத்திருக்கும் தாத்தா பாட்டிகள் தங்கள் வலியைத் தமிழில்தான் சொல்கிறார்கள். "நெஞ்சு கரிக்குது" வேறு, "நெஞ்சு அடைக்குது" வேறு. முன்னதைக் கேட்டால் வயிற்று அமிலம் நினைவுக்கு வரும். பின்னதைக் கேட்டால் ஓடிப்போய்ச் சொல்லணும். "தலை சுத்துது", "மயக்கமா வருது", "கண்ணு இருட்டுது" மூன்றும் ஒன்றில்லை. குத்துது, கடுக்குது, எரியுது, விண்ணு விண்ணுனு தெறிக்குது என்பதை எல்லாம் "சாக்கிட்" என்ற ஒரே சொல்லில் மொழிபெயர்த்தால் டாக்டருக்குப் பாதி விஷயம் போய்ச் சேராது. இந்த வேறுபாட்டை மலாயிலும் ஆங்கிலத்திலும் சரியாகச் சொல்லத் தெரிந்தவர் எந்த வார்டுக்கும் வேண்டியவர். மனுவில் மொழித்திறன் என்ற இடத்தில் தமிழை எழுதுங்க. நேர்காணலில் இப்படி ஓர் எடுத்துக்காட்டோடு சொல்லுங்க.

அரசு வேலைக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் (எஸ்.பி.ஏ.) இணையப் பதிவு வேண்டும். பதிந்துவிட்டு வெறுமனே காத்திருக்காதீர்கள். தனியார் மருத்துவமனைகளுக்கும் மனு போடுங்கள். சில தனியார் மருத்துவமனைகள் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டு, முடித்ததும் குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கேயே வேலை செய்யச் சொல்லும். பிடிபிடிஎன் கடன் வேண்டாம் என்று நினைக்கும் குடும்பத்துக்கு அது நல்ல வழிதான். ஆனால் எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு கட்டணும் என்பதை அம்மா அப்பாவோடு உட்கார்ந்து வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று. எல்லாருக்கும் முதல் நாளே ஐ.சி.யூ. வேண்டும் என்று ஆசை. பொது மருத்துவ வார்டு கிடைத்தால் முகம் சுருங்கிவிடும். என்னைக் கேட்டால், முதல் ஓரிரு ஆண்டு அங்கே இருப்பது நல்லது. பலவகை நோயாளிகளைப் பார்க்கலாம், 'பாஸ் ஓவர்' சொல்லும்போது நா தடுமாறாது. ஐ.சி.யூ., டயாலிசிஸ், அறுவைக்கூடம் போன்றவற்றுக்கான 'போஸ் பேசிக்' படிப்புக்குப் பிறகு மனு செய்யும்போது அந்த அனுபவம் கைகொடுக்கும்.

ஆசிரியர்களே, ஐந்தாம் படிவ வகுப்பில் இந்தத் துறையில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் (ஆண்பிள்ளைகளையும் விட்டுவிடாதீங்க) ஒரு பயிற்சி கொடுத்துப் பாருங்கள். ஒருவர் பாட்டியாக உட்காரட்டும்: "பாதம் மரத்துப் போச்சு ஐயா, ராத்திரியானா ஊசி குத்துற மாதிரி இருக்கு." இன்னொருவர் எப்போதிருந்து, எந்தக் காலில், புண் ஏதும் இருக்கா என்று தமிழில் கேட்டு, ஒரு நிமிடத்துக்குள் அதை மலாயில் டாக்டரிடம் சொல்லட்டும். பிறகு ஆங்கிலத்தில்.