ஆவடியின் டி, பட்டாபிராமின் ட்டா

பேச்சுக்கு மூலப்பொருள் மூச்சுக்காற்று. இயல்பாகப் பேசும்போது நுரையீரலில் உண்டாகும் கூடுதல் அழுத்தம் மிகக் கொஞ்சம். குழாயில் ஏழெட்டு சென்டிமீட்டர் நீரைத் தூக்கி நிறுத்தும் அளவுதான். அது குரல்வளையில் சேர்ந்திருக்கும் இரண்டு குரல்நாண்களைத் தள்ளித் திறக்கிறது. இடுக்கு வழியே காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. நாண்களின் மீள்திறனும் சேர, அவை மறுபடி மூடிக்கொள்கின்றன. ஆண்குரலில் இது நொடிக்குச் சுமார் 120 முறை, பெண்குரலில் 200 முறை நடக்கும்.

இந்த அதிர்வு வெறும் ரீங்காரம். அதை உயிரெழுத்தாக்குவது குரல்வளை முதல் உதடு வரையுள்ள குழாய்; வளர்ந்த ஆணுக்கு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நீளம். நாக்கு சும்மா இருந்தால் அதன் ஒத்ததிர்வுகள் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் அருகே அமையும். ‘ஆவடி’யின் ‘ஆ’வில் நாக்கு தாழ, முதல் இரண்டும் 700, 1200 என நெருங்குகின்றன; கடைசி ‘இ’யில் நாக்கு முன்னே உயர, 300, 2200 என விலகுகின்றன. சுவீடனின் குன்னார் ஃபான்ட் 1960இல் வெளியிட்ட நூல் இக்கணக்கை நிலைநிறுத்தியது.

மெய்யெழுத்துகளில்தான் சுவாரசியம். ஆவடியின் ‘ட’வில் நாண்கள் அதிர்கின்றன, பக்கத்துப் பட்டாபிராமின் ‘ட்டா’வில் அதிர்வதில்லை. தமிழ் எழுத்து இதைப் பிரித்துக் காட்டவில்லை என்று குறை சொல்வார் உண்டு. காட்ட அவசியமும் இல்லை. பாதி வேலையை இயற்பியலே செய்துவிடுகிறது. வாய் அடைபட்டதும் உள்ளே காற்று தேங்கி, நாண்களுக்கு மேலும் கீழும் அழுத்தம் சமமாகிவிடும். ஓட்டம் நின்றால் அதிர்வும் நிற்கும். ஆவடியில் நுனிநாக்கு அண்ணத்தைத் தட்டிவிட்டு உடனே விலகுவதால் அதற்குள் அழுத்தம் சமமாவதில்லை. ‘ட்ட’வில் அடைப்பு பல மடங்கு நீள்கிறது. அம்பத்தூரில் இரண்டும் உண்டு: ‘ம்’முக்குத் திறந்த மூக்குவழியால் அதிர்வு ‘ப’வுக்கும் தொடர்கிறது, ‘த்தூ’வில் அறுபடுகிறது. வெளிமொழிச் சொற்கள் கலக்கும்போதுதான் இந்த ஒழுங்கு தடுமாறும்.

‘ழ’ வேறு வகை. நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தை வருடப் பிறப்பது என்கிறது தொல்காப்பியத்தின் பிறப்பியல். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பேர்ட், அபிகெய்ல் கான் ஆகியோருடன் சேர்ந்து ர, ற, ல, ள, ழ ஐந்தையும் எம்.ஆர்.ஐ. படங்களால் ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார். ‘ழ’வில் நாக்கு பின்வாங்கி வளைய, மூன்றாம் ஒத்ததிர்வு இறங்கி இரண்டாவதை நெருங்குகிறது, காற்று எங்கும் முழுதாக அடைபடுவதில்லை. புழலைப் ‘புளல்’ என்பவர் வாயில் நுனிநாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, காற்று நாக்கின் ஓரங்களில் வழிந்து வெளியேறுகிறது.