அலகில் நிற்கும் அட்டைப் பறவை

மாணவர்களே, இந்த விடுமுறையில் தம்பி தங்கைகளோடு ஒரு பறவை செய்வோமா? காலியான கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டி, கத்தரிக்கோல், ஒட்டுநாடா, இரண்டு 10 சென் நாணயங்கள் போதும்.

பெட்டி அட்டையை இரண்டாக மடியுங்கள். மடிப்பை முதுகாகக் கொண்டு, பறவையின் பாதி உருவத்தைச் சுமார் 10 சென்டிமீட்டர் நீளத்தில் வரைந்து வெட்டுங்கள். இறக்கை நுனி அலகைத் தாண்டி 3 சென்டிமீட்டராவது முன்னால் நீண்டிருக்க வேண்டும், இதுதான் முக்கியம். அட்டையை விரித்து, நுனிகள் அலகைவிடத் தாழ்ந்திருக்கும்படி இறக்கைகளைக் கீழ்நோக்கி வளையுங்கள். நுனிகளின் அடியில் நாணயங்களை ஒட்டுங்கள். சிறு பிள்ளைகள் நாணயத்தை வாயில் போட்டுக்கொள்ளலாம். இந்த வேலையை நீங்களே செய்யுங்கள்.

அலகை விரல் நுனியில் வையுங்கள். பறவை மிதப்பதுபோல் நிற்கும்! வால் தாழ்ந்தால் அதைக் கொஞ்சம் கத்தரியுங்கள். தலை கவிழ்ந்தால் நாணயங்களைச் சற்றுப் பின்னே நகர்த்துங்கள்.

இது எப்படி நடக்கிறது? ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் செயல்படுவதாகக் கொள்ளலாம். அதுவே ஈர்ப்பு மையம். நாணயங்கள் அம்மையத்தை முன்னே நகர்த்தி, அலகுக்கு நேர் கீழே கொண்டுவருகின்றன. பறவையை மெல்லத் தட்டினால் மையம் சற்று மேலே எழும். புவியீர்ப்பு விசை அதை மீண்டும் கீழே இழுக்கும். அதனால்தான் பறவை ஆடி ஆடிப் பழைய நிலைக்கே திரும்புகிறது.

விரைவுப் பேருந்தில் கனமான பைகளை அடித்தளத்தில் அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஈர்ப்பு மையம் தாழ்ந்திருந்தால் பேருந்து எளிதில் கவிழாது.

மூன்றாவது நாணயத்தை வாலில் ஒட்டினால் என்னவாகும்? முதலில் உங்கள் முன் அனுமானத்தைக் காரணத்தோடு எழுதுங்கள்; பிறகு செய்து பாருங்கள்.