உஷார்! மறுப்புக் கடிதத்தை மடித்து வைக்காதீர்கள்

என் சித்தி வீட்டுச் சாமித்தட்டில், முருகன் படத்துக்குப் பின்னால், ஒரு மண்ணிறக் கடித உறை ஏழு கிழமையாகக் கிடந்தது. பக்கவாதம் வந்து வலது கை பாதி செயலிழந்தவர் அவர். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. மாற்றுத்திறனாளிகளுக்கான 'பிப்' உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தார். பதில் வந்தபோது மகன்தான் வாசித்தான். "இல்லையாம் அம்மா." சித்தி ஒன்றும் சொல்லவில்லை. உறையை மடித்துப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். அரசாங்கம் இல்லையென்றால் இல்லைதானே என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கப் போனபோது அந்த உறையைக் கண்டேன். கடிதத்தின் திகதியைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. முடிவை எதிர்த்துக் கேட்கத் தந்திருந்த ஒரு மாதம் முடிந்து இரண்டு கிழமைக்கு மேலாகியிருந்தது.

பிரித்தானியாவில் நம்மவர் வீடுகளில் இப்படி எத்தனை உறைகள் சாமித்தட்டிலும் மேசை லாச்சியிலும் உறங்குகின்றனவோ! உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் இப்போதே எழுந்து போய் எடுங்கள். அந்தக் கடிதத்தில் உள்ள 'இல்லை' கடைசிச் சொல் அல்ல. நீங்கள் பேசாமல் இருந்தால்தான் அது கடைசிச் சொல் ஆகும்.

திகதி ஓடுகிறது

பிப் 2013 ஏப்ரலில் தொடங்கிய உதவித்தொகை. 16 வயது நிரம்பி, அரச ஓய்வூதிய வயதை எட்டாதவர்கள் விண்ணப்பிக்கலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கும் கிடைக்கும். சேமிப்பையோ வருமானத்தையோ பார்ப்பதில்லை. 2025–26 நிதியாண்டில் அன்றாட வாழ்வுப் பகுதியின் சாதாரணத் தொகை மட்டும் கிழமைக்கு 73.90 பவுண். ஆண்டுக்கு 3,800 பவுணைத் தாண்டுகிறது. அதே நிதியாண்டில், அன்றாட வாழ்வு, நடமாட்டம் என்ற இரண்டு பகுதியிலும் கூடிய தொகை கிடைத்தால் கிழமைக்கு 187.45 பவுண். மடித்துச் செருகிய உறைக்குள் கிடப்பது இவ்வளவு காசு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதைத் திரும்பக் கேட்க இரண்டு படிகள் உண்டு.

முதல் படி, மறுபரிசீலனை. தொலைபேசியிலோ எழுத்திலோ கேட்கும்போது 'மண்டேற்றரி ரீகொன்சிடறேஷன்' என்று அந்தப் பெயரையே சொல்லுங்கள். முடிவைத் தந்த வேலை மற்றும் ஓய்வூதியத் திணைக்களமே, அதாவது டிடபிள்யூபியே, முடிவை மறுபடி பார்க்கும். இதற்கு ஒரு மாதம். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, கடிதத்தில் போட்டிருக்கும் திகதியிலிருந்து. தபால் பிந்தினால் அந்த நாட்கள் உங்கள் கணக்கில்தான் கழியும்.

இரண்டாம் படி, மேன்முறையீடு. மறுபரிசீலனையிலும் 'இல்லை' என்று வந்தால், அந்த அறிவிப்பின் திகதியிலிருந்து இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு எழுத வேண்டும். இணையத்திலும் செய்யலாம், 'எஸ்எஸ்சிஎஸ்1' என்ற படிவத்திலும் செய்யலாம். கட்டணம் ஒரு சதமும் இல்லை. இந்தத் தீர்ப்பாயம் டிடபிள்யூபியின் கிளை அல்ல, தனி. பிப் வழக்கைக் கேட்க ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கையை அறிந்த ஒருவர் என மூவர் இருப்பார்கள்.

நம் ஆட்கள் விழுகிற பள்ளம் இந்த இரண்டு படிக்கும் நடுவில்தான் இருக்கிறது. மறுபரிசீலனையில் பலருக்கும் பழைய முடிவே திரும்பி வருகிறது. "இரண்டு தரம் சொல்லிப்போட்டினம், இனி என்ன" என்று அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் தீர்ப்பாயம் வரை போய் விசாரணை நடந்த பிப் வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை பல ஆண்டுகளாக விண்ணப்பித்தவர் பக்கமே முடிந்திருக்கின்றன. பலர் நின்றுவிடுகிற இடத்துக்கு அடுத்த படியில்தான் கதவு திறக்கிறது.

ஸ்கொட்லாந்தில் இருப்பவர்கள் கவனியுங்கள்: அங்கே 2022 முதல் பிப்புக்குப் பதிலாக 'அடல்ட் டிசெபிலிற்றி பேமென்ற்' நடைமுறையில் இருக்கிறது. அங்கே மறுபரிசீலனைக்குப் பதிலான 'மறுநிர்ணயம்' கேட்க 42 நாட்கள்.

மாதம் கடந்துவிட்டதா?

பதற வேண்டாம், ஆனால் இன்னும் ஒரு நாளைக்கூட விடவேண்டாம். தக்க காரணம் இருந்தால், முடிவுத் திகதியிலிருந்து 13 மாதம் வரை பிந்திய மறுபரிசீலனையைக் கேட்க இடமுண்டு. ஆஸ்பத்திரியில் இருந்தது, மனச்சோர்வில் கடிதத்தைத் திறக்கவே முடியாமல் போனது, கடிதத்தை விளங்கிக்கொள்ள ஆளில்லாமல் இருந்தது, வீட்டில் ஒரு சாவு என எது உண்மையோ அதை எழுதுங்கள். அந்தக் காரணத்தை டிடபிள்யூபி ஏற்காவிட்டாலும், 13 மாதத்துக்குள் கேட்டவருக்குத் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை இருக்கிறது என்று 2017இல் மேல் தீர்ப்பாயம் தீர்ப்பளித்திருக்கிறது. சித்திக்கு நாங்கள் பிடித்த கயிறு அந்த 13 மாத வாய்ப்புதான்.

'சமாளிக்கிறன்' என்று சொல்லாதீர்கள்

சித்திக்கு ஏன் இல்லையென்று வந்தது? சித்தியிடம் கேள்வி கேட்டு எழுதிய மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கேட்டு எடுத்து வாசித்தோம். உங்கள் அறிக்கையையும் டிடபிள்யூபிக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள், அனுப்புவார்கள். சித்தியின் வாயிலிருந்து வந்த சொற்களே அதில் இருந்தன. "சமைப்பீர்களா?" "ஓம்." "குளிப்பீர்களா?" "ஓம், சமாளிக்கிறன்." வந்தவரிடம் நோவைச் சொல்லி அழக்கூடாது என்று வளர்ந்தவர் அவர். நலமா என்று கேட்டால் நலம் என்பதுதானே நம் மரியாதை? அந்த மரியாதைக்கு அங்கே விழுந்தது சைபர்.

பிப் என்பது நோயின் பெயருக்குக் கிடைப்பதல்ல, அந்த நோயால் எதைச் செய்ய முடியவில்லை என்பதற்குக் கிடைப்பது. அன்றாட வாழ்வில் 10 செயல்கள், நடமாட்டத்தில் 2 செயல்கள். ஒவ்வொன்றுக்கும் புள்ளி. ஒரு பகுதியில் 8 புள்ளி எடுத்தால் சாதாரணத் தொகை, 12 எடுத்தால் கூடிய தொகை.

ஒரு செயலைச் 'செய்ய முடியும்' என்று கணக்கெடுக்கச் சட்டம் நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது. பாதுகாப்பாகச் செய்ய வேண்டும். ஒழுங்காகச் செய்ய வேண்டும். தேவைப்படும் ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும். நோயில்லாத ஒருவர் எடுக்கும் நேரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் எடுக்காமல் செய்ய வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் சட்டத்தின் கண்ணில் அது 'முடியாது' என்றே ஆகும். நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வருகிறதா? பாதிக்கு மேற்பட்ட நாட்களில் என்ன நிலைமை என்பதையே பார்ப்பார்கள்.

இப்போது சித்தியின் குசினிக்கு வாருங்கள். சட்டம் சொல்லும் 'எளிய சாப்பாடு' என்பது, புதிய பொருட்களை வைத்து ஒருவருக்குச் சமைக்கும் ஒருவேளைச் சாப்பாடு. வெங்காயம் உரிப்பதும் மரக்கறி வெட்டுவதும் அதற்குள் அடக்கம். சித்தி அடுப்பில் சட்டியை வைப்பார், உண்மை. வெட்டிக் கொடுப்பது மருமகள். சோற்றுப் பானையை இறக்குவது மகன். ஒருமுறை கை நழுவிக் கஞ்சி காலில் கொட்டியிருக்கிறது. இதில் எதைச் சொன்னார் சித்தி? ஒன்றையும் சொல்லவில்லை.

உபகரணத்தின் துணையும் கணக்கில் சேரும். சமைக்க ஒரு விசேட உபகரணம் வேண்டுமென்றால் 2 புள்ளி. குளிக்கும்போது பிடித்துக்கொள்ளக் கம்பியோ இருக்கையோ வேண்டுமென்றால் 2. மலசலகூடத்தில் அப்படியொன்று வேண்டுமென்றால் 2. உடுப்புப் போட வேண்டுமென்றால் 2. கூட்டிப் பாருங்கள்: 8. "கம்பியைப் பிடிச்சுக் குளிக்கிறன், எனக்கென்ன குறை" என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தக் கம்பியை மறவாமல் எழுதுங்கள்.

இன்னொன்று. "எனக்கு இங்கிலிஷ் வராது" என்பதற்குப் புள்ளி இல்லை. கதைப்பது, விளங்குவது, வாசிப்பது எல்லாவற்றையும் உங்கள் தாய்மொழியை வைத்தே அளக்கிறது சட்டம். பக்கவாதத்துக்குப் பின் தமிழே குழறுகிறதா, தமிழ்ப் பத்திரிகையையே வாசிக்க முடியவில்லையா? அதைச் சொல்லுங்கள்.

பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள்

பெற்ற மகனை நடுவில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் தன் மலசலகூடச் சிரமத்தைச் சொல்லுவாள்? அவள் சொன்னாலும் அவன் பாதியை விழுங்கிவிடுவான். மேன்முறையீட்டுப் படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று குறித்தால் தீர்ப்பாயமே இலவசமாக ஏற்பாடு செய்யும். 'தமிழ்' என்பதோடு நிற்காமல் 'இலங்கைத் தமிழ்' என்றும் எழுதுங்கள். "ஏலாது" என்பதற்கும் "மாட்டேன்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த ஒருவர் வேண்டும்.

விசாரணையை நேரில், தொலைபேசியில், வீடியோவில், அல்லது வெறும் கடிதங்களை வைத்து நடத்தலாம். கடிதம் போதும் என்று விட்டுவிடாதீர்கள். உங்களைக் கண்டு, உங்கள் குரலைக் கேட்டு எடுக்கும் முடிவுகளில்தான் வெற்றி கூடுதலாக வருகிறது. துணைக்கு ஒருவர் கூட வரலாம்.

இந்த மூன்று இடத்திலும் கவனம்

முதலாவது, தொலைபேசி. மேன்முறையீடு போட்ட பிறகு, விசாரணைக்கு முன்பே, "இவ்வளவு தருகிறோம்" என்று டிடபிள்யூபியிடமிருந்து அழைப்பு வரலாம். அது உங்களுக்கு உரியதைவிடக் குறைவாக இருக்கலாம். அந்த இடத்திலேயே ஓம் சொல்லாதீர்கள். ஆலோசகரிடம் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, ஏற்கெனவே கொஞ்சம் கிடைத்துக்கொண்டிருப்பவர்கள். கூட்டிக் கேட்டுப் போனால் தீர்ப்பாயத்துக்குக் குறைக்கவும் அதிகாரம் உண்டு. தேர்ந்த ஒருவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

மூன்றாவது, பிறகு கூடிய வருத்தம். டிடபிள்யூபி முடிவெடுத்த நாளில் உங்கள் நிலைமை என்ன என்பதையே தீர்ப்பாயம் பார்க்கும். அதன் பின் மோசமாகியிருந்தால் புதிய விண்ணப்பம் தேவையா என்று ஆலோசகரிடம் கேளுங்கள்.

உதவி எங்கே?

இந்த விசாரணைகளுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரச சட்ட உதவி 2013 ஏப்ரலோடு நின்றுவிட்டது. அந்த வெற்றிடத்தில்தான் காசு வாங்கிப் படிவம் நிரப்புகிறவர்கள் நுழைகிறார்கள். கடையில், கோயில் வாசலில், தெரிந்தவரின் தெரிந்தவர் என்று வருவார்கள். எல்லாருக்கும் ஒரே கதையை எழுதிக் கொடுப்பவரும் உண்டு. அது உங்கள் கதையல்ல என்று மூவர் முன்னிலையில் தெரிந்துபோனால் தலைகுனிவது நீங்கள்தான். இல்லாத நோயை எழுதச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

காசில்லாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையங்கள், 'லோ சென்ரர்' எனப்படும் சட்ட நிலையங்கள், சில கவுன்சில்களின் வெல்ஃபெயார் றைற்ஸ் பிரிவுகள். புற்றுநோயென்றால் மக்மிலன், முதியவர்களுக்கு ஏஜ் யூகே, பார்வைக் குறைபாட்டுக்கு ஆர்என்ஐபி. லண்டனில் ஃப்ரீ ரெப்ரசென்ரேஷன் யூனிற் என்ற அமைப்பு தீர்ப்பாயத்தில் பேச ஆள் தருகிறது. அங்கே நேரே போக முடியாது, ஓர் ஆலோசனை நிலையம் அனுப்பிவைக்க வேண்டும். எல்லா இடத்திலும் வரிசை நீளம். ஆகவே ஆலோசகர் கிடைக்கட்டும் என்று திகதியைக் கடக்க விடாதீர்கள். "முடிவை ஏற்கவில்லை, மறுபரிசீலனை வேண்டும், ஆதாரங்கள் பின்னர் அனுப்புவேன்" என்று முதலில் கேட்டுவிடுங்கள். பிறகு ஆளைத் தேடலாம்.

இன்று இரவே தொடங்க வேண்டியவை

1. கடிதத்தை எடுங்கள். திகதியை வட்டமிடுங்கள். ஒரு மாதம் முடியும் நாளைக் கலண்டரில் எழுதுங்கள்.

2. மறுபரிசீலனையை எழுத்தில் கேளுங்கள். தபால் நிலையத்தில் இலவசமாகத் தரும் தபாலிட்ட அத்தாட்சியை வாங்கி வையுங்கள்.

3. மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கேளுங்கள். பிழையான வரிகளைக் குறியுங்கள்.

4. இரண்டு கிழமைக்கு ஒரு குறிப்பேடு எழுதுங்கள். யார் உடுப்புப் போட்டுவிட்டார், எங்கே விழுந்தீர்கள், எத்தனை தடவை இருந்து எழும்பினீர்கள் என்று நாள்நாளாக.

5. ஜிபி, சிகிச்சை தருபவர், பார்த்துக்கொள்ளும் பிள்ளை எல்லாரிடமும் கடிதம் வாங்குங்கள். "இவருக்குப் பக்கவாதம்" என்று மட்டும் எழுதிய கடிதம் போதாது. "இடது கையால் மட்டும் பொத்தான் பூட்ட முடியாது" என்ற ஒரு வரி அதைவிடப் பெறுமதி. மூலப் பத்திரங்களை வைத்துக்கொண்டு பிரதிகளை அனுப்புங்கள்.

சித்தியின் பிந்திய மறுபரிசீலனை ஏற்கப்பட்டது. பதில் பழையபடி 'இல்லை'. மேன்முறையீட்டுக்குப் போனோம். விசாரணை அறையில் மருத்துவர் கேட்டார்: "நீங்களே குளிப்பீர்களா?" சித்தி பழக்கத்தில் "ஓம்" என்று தொடங்கினார். பிறகு நிறுத்தினார். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, "இல்லைப் பிள்ளை. மருமகள்தான் முதுகு தேய்ச்சுவிடுறவ. எனக்கு வெக்கமாக் கிடக்கு" என்றார். அந்த வெட்கத்தைச் சொல்ல அவருக்கு ஓர் ஆண்டுக்கு மேல் பிடித்தது. முடிவு அவர் பக்கம் வந்தது, விட்டுப்போன மாதங்களின் காசோடு.

இப்போது அந்த வீட்டில் எந்த மண்ணிற உறை வந்தாலும் சித்தியே கேட்கிறார்: "திகதி என்ன போட்டுக்கிடக்கு, பார்."